வலைக்குள் பூத்த தக்காளி

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சிஷ்யைக்கு அறுபத்தொன்று. குருவுக்குத் தாடி கிடையாது, ஆசிரமமும் கிடையாது. ஒண்டிப்புதூரிலிருந்து சூலூர் போகிற வழியில் ஒரு நாற்றுப்பண்ணை இருந்தது. அங்கே முழங்கால் வரை மண்ணோடு நிற்கிற சென்னியப்பனைத்தான் சுற்றுவட்டாரத்து மாடித் தோட்டக்காரர்கள் எல்லோரும் வாத்தியார் என்று கூப்பிட்டார்கள்.

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல மாட்டார் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. அது உண்மைதான். செடிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கேட்ட ஒருவருக்கு ஒரு சொம்பு தண்ணீரைக் கொடுத்தார். அவர் குடித்தார். இன்னொரு சொம்பு கொடுத்தார். பாதி குடித்தார். மூன்றாவது சொம்பை நீட்டியதும் அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். “இத்தன போதும்னு உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?” என்று கேட்டுவிட்டு வாத்தியார் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சிஷ்யை இந்திராணி சிஸ்டருக்கு இந்தச் சுற்றி வளைக்கிற வேலையெல்லாம் ஆகாது. முப்பத்தைந்து வருடம் நர்ஸ் வேலை. அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் ஆபரேஷன் வார்டுக்குத் தலைமை நர்ஸ். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே பார்வையாளர்கள் கட்டிலை விட்டு எழுந்து நின்றுகொள்வார்கள். கேள்வி கேட்டால் பதில் வர வேண்டும். அதுவும் ஒரு வரியில் வர வேண்டும்.

மார்கழி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இந்திராணி பண்ணைக்கு வந்து வாத்தியார் முன்னால் ஒரு மாத்திரை டப்பியைத் திறந்து வைத்தார். உள்ளே காய்ந்து சுருண்ட பூக்கள். டப்பியின் மேல் ஒட்டிய காகிதத்தில் தேதி எழுதியிருந்தது.

“மஞ்சளா இருக்கறது தக்காளிப் பூங்க வாத்தியாரே. வெள்ளை, மிளகாய்ப் பூ. பூக்குது, பூக்குது, கொட்டிப் போகுது. ஒரு பிஞ்சு பிடிக்கல. என்ன வியாதி, என்ன மருந்து, ரெண்டே சொல்லுங்க போதும்.”

வாத்தியார் ஒரு பூவை எடுத்துக் காம்பைப் பார்த்தார்.

“இலை எப்படிங்க இருக்குது?”

“கரும்பச்ச. கண்ணாடி மாதிரி.”

“பூச்சி?”

“எங்கிட்டயா?” என்றார் இந்திராணி.

“செடியப் பார்க்க யாரெல்லாம் வருவாங்க?”

“நான் மட்டுந்தான். வேற யாரையும் விடறதில்லீங்க.”

வாத்தியார் பூவைத் திரும்ப டப்பிக்குள் போட்டு, மூடி, அவர் கையிலேயே கொடுத்தார்.

“புதங்கெழம வர்றேனுங்க சிஸ்டர்.”

ஒரு வரியில்தான் பதில் வந்தது. ஆனால் அது பதிலாக இல்லை. இந்திராணி முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினார்.

புதன்கிழமை ஒன்பதரை மணிக்கு வாத்தியார் வந்தார். முன் அறையில் பிரம்பு நாற்காலியில் குப்புராஜ் உட்கார்ந்திருந்தார். இந்திராணியின் கணவர். முப்பது வருடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஒண்டிப்புதூருக்கும் உக்கடத்துக்கும் நடுவில் அந்தக் குரலைக் கேட்காத காது கிடையாது என்பார்கள். ஏழு மாதத்துக்கு முன்னால் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்து, இப்போது ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். சாப்பாடும் அப்படித்தான். இரண்டு இட்லியில் ஒன்றரை மிச்சம் இருக்கும்.

வந்தவரைப் பார்த்ததும் குப்புராஜ் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“எந்திரிக்காதீங்க!” என்றார் இந்திராணி.

அவர் உட்கார்ந்துவிட்டார்.

“எப்படிங்ணா இருக்கறீங்க?” என்று வாத்தியார் கேட்டார்.

“நல்லா இருக்கறாருங்க. பி.பி. நூத்தி இருவதுக்கு எம்பது,” என்றார் இந்திராணி.

வாத்தியார் இன்னும் குப்புராஜைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குப்புராஜ் லேசாகச் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாடிக்கு ஏறுவதற்கு முன் வாத்தியார் செருப்பைக் கழற்ற வேண்டியிருந்தது. சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டியிருந்தது. மொத்தம் பத்தொன்பது படி. மேலே போனால், தோட்டம் என்றா சொல்வது அதை? தீவிர சிகிச்சைப் பிரிவு. நாலு பக்கமும் கூரையும் பூச்சி வலை. உள்ளே போக ஜிப் வைத்த கதவு. இரண்டு வரிசையாக இருபத்து நாலு செடிப் பைகள், தக்காளி, குண்டு மிளகாய், குடைமிளகாய். ஒவ்வொரு செடிக்கும் ஒரு மூங்கில் குச்சி, ஒவ்வொரு குச்சியிலும் ஓர் அட்டை. தண்ணீர் ஊற்றிய நேரம், வேப்பெண்ணெய் தெளித்த நாள், வளர்ந்த உயரம். ராத்திரி டியூட்டிக்கு ஆள் போடாததுதான் பாக்கி.

செடிகளைக் குறை சொல்ல முடியாது. ஒரு இலையில் ஓட்டை கிடையாது. எல்லாம் பூத்து நின்றன. ஒன்றிலும் காய் இல்லை. வலைக்குள் ஓர் இலை அசையவில்லை.

“பிரமாதமா வெச்சிருக்கறீங்க,” என்றார் வாத்தியார். உண்மையாகத்தான் சொன்னார்.

“அவருக்காகத்தானுங்க இது எல்லாமே. மருந்தடிச்ச காய் அவரு வயித்துக்குள்ள போகக் கூடாது.”

“அண்ணா மேல வந்து பார்ப்பாருங்களா?”

“படி ஏற விடறதில்லீங்க.”

“டாக்டர் வேண்டாம்னுட்டாருங்களா?”

இந்திராணி ஒரு அட்டையை நேராகத் திருப்பி வைத்தார். “டாக்டரு ஏறலாம், மெதுவா ஏறட்டும், ஏறுனாத்தான் நல்லதுன்னுதான் சொன்னாரு. அவருக்கென்னங்க, சொல்லிட்டுப் போயிருவாரு. பக்கத்துல படுத்திருக்கறது நான்தானுங்க.”

இந்திராணி சொல்லாத ஒன்று இருந்தது. தினமும் விடிந்ததும் விடியாததுமாக அவர் எழுந்து செய்கிற முதல் காரியம், பக்கத்தில் தூங்குகிறவருடைய நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்ப்பது. ஏறி இறங்கும். அதற்குப் பிறகுதான் இவருக்கு மூச்சு வரும். எத்தனையோ பேருடைய கடைசி மூச்சைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனவர்தான். இந்த ஒரு மூச்சு விஷயத்தில் மட்டும் அந்தத் தைரியம் எங்கே போனதென்று தெரியவில்லை.

வாத்தியார் மூலையில் கிடந்த ஒரு மூங்கில் துண்டை எடுத்தார். பக்கத்திலிருந்த தக்காளிச் செடியின் குச்சியில் ஓங்கி ஓர் அடி போட்டார். இன்னொரு அடி. செடி தலை முதல் கால் வரை ஆடியது. இரண்டு பூ கீழே விழுந்தது.

“ஐயோ! ஏனுங்க, பூத்த செடியப் போயி அடிக்கறீங்க!”

வாத்தியார் தன் உள்ளங்கையைப் பூக்களுக்குக் கீழே பிடித்து மூன்றாவது முறை தட்டினார். கையை நீட்டிக் காட்டினார். மஞ்சளாக மகரந்தப் பொடி, மூக்குப்பொடியை விட நைசாக, ரேகைகளில் ஒட்டியிருந்தது.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு நூலை எடுத்து அந்தச் செடியில் கட்டினார்.

“மத்ததெல்லாம் உங்க இஷ்டம். இந்த ஒரு செடிப் பக்கம் மட்டும் வலையத் தூக்கி விடுங்க. தெனம் ஒம்பது மணிக்கு மேல குச்சியில ரெண்டு தட்டு. பத்து நாள் கழிச்சு வாங்க.”

தலைமை நர்ஸுக்கு, எழுதிக் கொடுத்த மருந்தைத் தவறாமல் கொடுத்துப் பழக்கம். அடுத்த பத்து நாளும் வலையை ஒரு ஜாண் தூக்கிவிட்டு, கொசு அடிக்கிற பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு காவலுக்கு நின்றார். ஒன்பது மணிக்கு இரண்டு தட்டுத் தட்டினார். அட்டையில் டிக் போட்டார். பதினோராம் நாள் சிவப்பு நூலுக்குக் கீழேயும் பூ உதிர்ந்து கிடந்தது.

அதையும் டப்பியில் எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனார். வெற்றி அவருக்குத்தான் என்பது போல ஒரு நடை.

“உங்க மருந்து வேலை செய்யலீங்க வாத்தியாரே.”

வாத்தியார் நாற்று விடும் குழித்தட்டுகளில் தேங்காய்நார்த் தூளை நிரப்பிக்கொண்டிருந்தார். எழுந்துபோய் ஒரு நாற்றையும் அதன் குச்சியையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

“எப்படித் தட்டுனீங்கன்னு காட்டுங்க.”

இந்திராணி இரண்டு விரலால் குச்சியைத் தொட்டார். நாற்றுக்கு அது தெரிந்திருக்காது.

“நாடி பார்க்கறீங்க,” என்று வாத்தியார் சிரித்தார். “உங்க கைக்கு இது வராதுங்க சிஸ்டர். வேற கை வேணும்.”

“யாரு கை?”

“உங்க வீட்டுல ஒரு கை சும்மாதான இருக்குது? நான் காலேஜுக்கு அண்ணன் பஸ்லதான் போவேன். பஸ்ஸு பக்கவாட்டுல அவரு ரெண்டு தட்டுத் தட்டுனா, கடைசி சீட்டுல தூங்கறவன் எந்திரிச்சு உக்காந்துக்குவான்.”

இந்திராணிக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை. வார்டில் யாராவது ஊசியைக் கீழே போட்டால் வருகிற கோபம்.

“பத்தொம்பது படிங்க! விளையாட்டுங்களா? நெஞ்செலும்ப அறுத்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்குது. உங்களுக்குத் தக்காளி தெரியும், சரி. ஒடம்பப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க.”

“எனக்கு ஒடம்பப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க,” என்றார் வாத்தியார். “அதனாலதான் கேக்கறேன். உங்க வார்டுல வயித்த அறுத்துத் தெச்ச ஆளை மறுநாள் என்ன பண்ணுவீங்க?”

“எந்திரிச்சு நடக்க வெப்போம்.”

“மறுநாளேவா?”

“மறுநாளேதான். அழுவாங்க, திட்டுவாங்க, காலைக்கூடப் புடிப்பாங்க. நான் விடமாட்டேன். கட்டில்ல இருந்து கதவு வரைக்கும், கதவுல இருந்து கட்டில் வரைக்கும். எத்தன பேர நடக்க வெச்சிருக்கறேன் தெரியுங்களா?”

“வலிக்குமே, பாவம். படுத்துட்டே இருக்கட்டும்னு விட்டா என்னங்க?”

“நல்லாக் கேட்டீங்க! படுக்கப் போட்டா ரத்தம் கட்டிக்கும், நெஞ்சுல சளி சேரும். சோறு எறங்காது. பேச்சுக் கொறஞ்சு போகும். பாத்துப் பாத்துத் தாங்கறோம்னு சொந்தக்காரங்க உக்கார வெச்சே ஆளை…”

இந்திராணி அங்கேயே நிறுத்திவிட்டார்.

வாத்தியார் குழித்தட்டுப் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தூளை அள்ளி நிரப்ப ஆரம்பித்தார். ஐந்து தட்டு நிரம்பியது. பிறகு இந்திராணி டப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் குப்புராஜின் நாற்காலி முன்னால் வந்து நின்றார்.

“ஏனுங்க, எந்திரிங்க.”

குப்புராஜ் பயந்துவிட்டார். “மறுபடியும் ஆஸ்பத்திரிக்கா?”

“மாடிக்கு.”

ஏழு மாதமாக அண்ணாந்து பார்த்த மாடி. குப்புராஜ் எழுந்தார். இந்திராணி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி, ஒரு படி கீழே பின்னாலேயே வந்தார். மூன்று படி ஏறியதும் “நில்லுங்க” என்றார். நின்றார்கள்.

“சிங்காநல்லூர்,” என்றார் குப்புராஜ்.

“என்ன?”

“ஒண்டிப்புதூர்ல ஏறுனோம். இது சிங்காநல்லூர். எறங்கறவங்க எறங்குங்க.” மூச்சு வாங்கியது. ஆனால் சிரித்தார். “போலாம் அம்மிணி.”

ஏழாவது படியில் இன்னொரு ஸ்டாப். ராமநாதபுரம். பன்னிரண்டாவது படியில் சுங்கம். சுங்கத்தில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. நாடி தொண்ணூற்றாறு. இந்திராணி மறுபடியும் எண்ணிப் பார்த்தார். திரும்பிக் கீழே கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தார். வார்டில் எத்தனை சொந்தக்காரர்கள் இதே முகத்தோடு தன் முன்னால் நின்றிருப்பார்கள் என்றும் நினைத்தார். அவர்களையெல்லாம் அதட்டி வெளியே அனுப்பியிருக்கிறார். இங்கே தன்னை அதட்டி அனுப்ப யாரும் இல்லை. அந்த வேலையையும் அவரே செய்ய வேண்டியிருந்தது.

“உக்கடம்,” என்று மேல் படியில் கால் வைத்துக் குப்புராஜ் சொன்னார். “பஸ் இதோட நிக்கும்.”

ஸ்டூலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நாடி எண்பதுக்கு வந்த பிறகு, இந்திராணி ஜிப்பைத் திறந்து சிவப்பு நூல் கட்டிய செடியைக் காட்டினார். “இந்தக் குச்சியில ரெண்டு தட்டுத் தட்டணுமாம். உங்களாலதான் முடியுமாம்.”

குப்புராஜ் குச்சியைப் பார்த்தார். கையை விரித்து, உள்ளங்கையால், பஸ்ஸின் பக்கவாட்டில் அடிக்கிற அதே தினுசில் இரண்டு தட்டு.

“ரைட்! போலாம்!”

பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். செடி ஆடியது. வெயிலில் மஞ்சள் பொடி பறந்தது தெரிந்தது.

குப்புராஜ் அடுத்த செடிக்குப் போனார். டப், டப். அதற்கடுத்த செடி.

“ஏனுங்க, ஒரு செடிக்குத்தான் சொன்னாரு!”

“ஒருத்தருக்கு மட்டும் டிக்கெட் குடுத்துட்டு எறங்கீர முடியுமா அம்மிணி?”

இருபத்து நாலு செடியையும் தட்டி முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார். அன்று மத்தியானம் ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். இந்திராணி அடுப்படிக்குள் போய், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் பாதி, இத்தனை நாளை வீணாக்கினோமே என்ற வெட்கத்தில் பாதி.

எட்டாம் நாள் சிவப்பு நூல் செடியில், வாடிய பூவுக்குள்ளிருந்து மிளகு அளவில் ஒரு பச்சை எட்டிப் பார்த்தது. அடுத்த வாரம் மிளகாய்ச் செடிகளிலும் பிஞ்சு தெரிந்தது. ஒரு ஜாண் தூக்கியிருந்த வலை முழங்கால் வரைக்கும் வந்து, பிறகு ஒரு பக்கமே கழன்றது. இலைகளில் ஓட்டை விழுந்தது. இரண்டு தக்காளியைப் புழு தின்றது. இந்திராணி அட்டையில் அதையும் எழுதினார்.

மாசி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பண்ணையில் நல்ல கூட்டம். இந்திராணி ஒரு துணிப்பையோடு வாத்தியாரிடம் வந்தார். பையில் நாலு தக்காளி, மூன்று பழுத்தது, ஒன்று பாதி பழுத்தது. ஒரு கை குண்டு மிளகாய்.

“நீங்க மட்டுமா வந்தீங்க?” என்று வாத்தியார் கேட்டார்.

பதில் வாசலிலிருந்து வந்தது. “உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல எடம் இருக்குது! நாத்து வாங்கறவங்க இடது பக்கம், சந்தேகம் கேக்கறவங்க வலது பக்கம்!” யாரும் சொல்லாமலே கூட்டம் இரண்டாகப் பிரிந்து நகர்ந்தது.

வாத்தியார் சிரித்தார். இந்திராணியும் சிரித்தார். ஆனால் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. அவர் வாசலையே பார்த்தபடி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“வாத்தியாரே, காய் பிடிச்சிருச்சு. பேச்சு வந்திருச்சு. எல்லாம் சரிங்க. காலையில குனிஞ்சு பார்க்கறது மட்டும் எனக்கு இன்னும் நிக்கல. இப்ப ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஏறறாரு. பிடிச்சா கைய ஒதறி விடறாரு. ஒரு நாள் அந்தப் படியிலயே ஏதாவது ஆயிட்டா?”

வாத்தியார் பழுத்த தக்காளி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து, எடை பார்ப்பவர் போலக் கொஞ்ச நேரம் ஏந்தியிருந்தார். இந்த முறை சொம்பையோ குச்சியோ தேடவில்லை. நேராகவே பதில் சொன்னார்.

“பழமும் ஒரு நாள் உதிரத்தான் போகுதுங்க சிஸ்டர். அன்னிக்கு நீங்க டப்பியில கொண்டுவந்தது காய்க்காமலே கொட்டுன பூவு.”